கிட்டார் டச்-அப் கிட்: பசைக்கு முழு மார்க், நிறப் பாட்டிலுக்கு பாஸ் மார்க் கூட இல்லை

எலக்ட்ரிக் கிட்டாரில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தை நாமே சரிசெய்துகொள்ள ஒரு பெட்டி விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் இது. பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டி வெவ்வேறு லேபிளில் வருகிறது, உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் க்ளூ ஒன்று, கொஞ்சம் கெட்டியானது ஒன்று, பசையைச் சட்டென்று இறுக வைக்கும் ஸ்ப்ரே, பசையைக் கரைக்கும் திரவம், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, ஆம்பர் (தேன் நிறம்) என்று சின்னச் சின்ன நிறப் பாட்டில்கள், ஒரு பிளேடு, ஸ்பாஞ்ச் ஒட்டிய தேய்ப்புத் துண்டுகள், கடைசியில் பாலிஷ் போட ஒரு டியூப் காம்பவுண்ட். என்னுடைய கிட்டார்களிலும், "இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடேன்" என்று நண்பர்கள் கொண்டுவந்து வைத்த கிட்டார்களிலும் இதை நன்றாகவே உபயோகித்துவிட்டேன்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கிட்டார் பளபளப்பான பாலி ஃபினிஷ் (மேல்பூச்சில் ஒரு வகை, கீழே சொல்கிறேன்), ஒரே நிறம், அதுவும் கறுப்போ வெள்ளையோ, சொட்டை சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மெட்டாலிக் நிறம், சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் நிறம்), சாட்டின் (பளபளப்பு குறைந்த பூச்சு), பழைய லேக்கர் ஃபினிஷ், இதில் எது இருந்தாலும் மீதியையும் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

இந்தப் பெட்டிமேல் எனக்கு இருக்கும் பெரிய குறையே அதன் மேல் எழுதியிருக்கும் ஒரு வரிதான். "எல்லா ஃபினிஷுக்கும் ஏற்றது." இது உண்மையில்லை. கிட்டார்மேல் இருக்கும் பளபளப்பு என்ன பொருள் என்று தெரியாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. பெரும்பாலும் இரண்டு வகை. இன்று வரும் கிட்டார்களில் அதிகம் இருப்பது பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன், எல்லோரும் சுருக்கமாக 'பாலி' என்பார்கள். இது ஒருமுறை இறுகிவிட்டால் திரும்பக் கரையாது, கண்ணாடி மாதிரிக் கெட்டியாக நிற்கும், அடி பட்டால் சில்லு சில்லாகப் பெயரும். இன்னொன்று நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். கிட்டார் கம்பெனிகளில் கிப்சன் இன்றைக்கும் இதைத்தான் அடிக்கிறது, ஃபெண்டரும் அறுபதுகளின் கடைசியில் பாலியெஸ்டர் பக்கம் போகும்வரை இந்த மாதிரி லேக்கர்தான். லேக்கர் மெல்லியது, வயதானால் மஞ்சளாகும், குளிரில் இருந்து திடீரென்று சூட்டுக்கு வந்தால் மயிர் போன்ற கோடுகளாக வெடிக்கும், ரப்பர் ஸ்டாண்டில் மாசக்கணக்கில் சாய்த்து வைத்தால் ரப்பர் தொட்ட இடம் இளகிப் போகும். ஆனால் அதில் ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. புது லேக்கரை மேலே விட்டால் பழையதைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட கோடு தெரியாது. பாலியில் அது நடக்கவே நடக்காது, புதுப் படலம் பழையதன்மேல் உட்காரும், அவ்வளவுதான். பாலி கிட்டாருக்கு சூப்பர் க்ளூவைத் தேடிப் போவது இதனால்தான், பாலி மேல் பிடித்து நின்று, இறுகியபின் தேய்த்துப் பளபளப்பாக்க முடிகிற, கடைக்குக் கடை கிடைக்கிற தெளிவான பொருள் வேறு சுலபத்தில் கிடையாது.

எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நெக் உட்காரும் குழியின் ஓரம், பின்பக்க மூடிக்கு அடியில், பிக்கார்டுக்கு (முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு) அடியில். காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு அங்கே வையுங்கள். லேக்கர் என்றால் சில நொடியில் பிசுபிசுக்கும், குச்சியில் நிறம் வரும். பாலி சட்டையே பண்ணாது. இதைச் செய்தபின் இன்னொரு விஷயமும் உங்களுக்கே புரிந்துவிடும்: பெட்டியில் 'பசை நீக்கி' என்று ஒரு பாட்டில் இருக்கிறதல்லவா, அந்த மாதிரித் திரவங்களில் வழக்கமாக இருப்பது இதே அசிட்டோன்தான். லேக்கர் கிட்டாரில் பசை வழிந்துவிட்டது என்று பதறி அதை ஊற்றினால், பசையோடு ஃபினிஷும் சேர்ந்து வந்துவிடும். ஒரு எச்சரிக்கை வரி கூட இல்லாமல் அதை உள்ளே போட்டுக் கொடுப்பது பொறுப்பில்லாத வேலை. நான் அந்தப் பாட்டிலை விரலில் ஒட்டிய பசைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருவோம். மெல்லிய பசை. இது ஒன்றுக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு சரி என்று சொல்வேன்.

பாலி பெயர்ந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால், குழியைச் சுற்றி ஒரு வெளுத்த வளையம் தெரியும். பெயிண்ட் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். அங்கே ஃபினிஷ் மரத்தைவிட்டு லேசாக எழும்பி நிற்கிறது, இடையில் காற்று புகுந்திருக்கிறது, வெளிச்சம் அதில் சிதறுவதால்தான் வெள்ளை. முதலில் ஆடுகிற சில்லுகளைப் பிளேடு நுனியால் நெம்பி எடுத்துவிட வேண்டும், அப்புறம் ஊசி முனையில் ஒரு துளி மெல்லிய பசையை எடுத்து அந்தக் குழியின் ஓரத்தில் தொட்டால் போதும். பசை தானாக அடியில் ஓடும். ஓட ஓட அந்த வெள்ளை வளையம் ஒரு பக்கத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து காணாமல் போகும், கறுப்பு கிட்டாரில் இதைப் பார்ப்பது தனி சுகம். பாதிச் சேதம் அந்த ஒரு துளியிலேயே கண்ணிலிருந்து போய்விடுகிறது. நெக் பொருந்தும் இடத்தில் வருகிற முடிக்கோடு விரிசல்களுக்கும் இதே வைத்தியம்தான், கோட்டின்மேல் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

குழியை நிரப்புவதற்குக் கெட்டியான பசை. இங்கே பொறுமை வேண்டும். சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் க்ளூ, இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் மட்டத்துக்கு நிரப்பினால் நாளைக்குப் பள்ளமாகிவிடும், சின்ன மேடாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். அதையும் ஒரே ஊற்றாக ஊற்றக் கூடாது. இந்தப் பசை காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகுகிறது, மேல்தோல் முதலில் இறுகிவிட்டால் கீழே இருப்பது வெகுநேரம் கொழகொழவென்றே கிடக்கும். கொஞ்சம் விட்டு, இறுக விட்டு, மறுபடி கொஞ்சம். ஆழமான குழி என்றால் ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டு அப்புறம்தான் தேய்க்கத் தொடங்குவது நல்லது.

"ஒரு நாளா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் அந்த ஸ்ப்ரேயைக் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தூர வையுங்கள். மரச்சாமான் உடைந்ததை ஒட்டுவதற்கு அது அருமையான பொருள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டிய இடத்தில் அடித்தால், பசை ஒரேயடியாகச் சூடாகி உள்ளே குட்டிக் குட்டிக் குமிழி விடும், அல்லது பால் மாதிரி வெளுத்துப்போகும். குமிழி மேலே இருந்தால் தேய்த்து எடுக்கலாம். அடியில் மாட்டிக்கொண்டால் மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெட்டியோடு வந்த வழிமுறைத் தாளிலோ "ஒவ்வொரு துளிக்குப் பின்னும் ஸ்ப்ரே செய்யவும்" என்று போட்டிருக்கிறது. எழுதியவர் கிட்டாரைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது பிளேடு. சாதாரண ஒருபக்கக் கூர் பிளேடுதான், ஆனால் இந்தப் பெட்டியிலேயே அதிகம் வேலை செய்வது இது. நேராக உப்புத்தாளை எடுத்துப் பசை மேட்டைத் தேய்த்தீர்கள் என்றால் மேட்டைவிடச் சுற்றியிருக்கும் நல்ல ஃபினிஷ்தான் முதலில் தேயும், ஏனென்றால் இறுகிய பசை சில சமயம் ஃபினிஷைவிடக் கெட்டி. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பிளேடின் கூர் ஓரத்தில் இரண்டு கோடியிலும் ஒட்டும் டேப்பை ஒரு சுற்று சுற்றி, நடுவில் மட்டும் பசை மேடு அகலத்துக்குக் கூரை விட்டுவைக்க வேண்டும். டேப் நல்ல ஃபினிஷ்மேல் சறுக்கிக்கொண்டு போகும், நடுவில் இருக்கும் கூர் டேப்பின் கனத்துக்கு மேலே நிற்பதை மட்டும் சீவும். பிளேடை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, நம்மை நோக்கி இழுக்க வேண்டும். அழுத்தவே கூடாது. சரியாகச் செய்தால் வெள்ளையாகத் தூளும் மெல்லிய சுருளும் வரும். மேடு குறையக் குறையச் சத்தமும் மாறும், முதலில் 'கர் கர்' என்று இருப்பது கடைசியில் கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் வழுக்கும், அங்கே நிறுத்திவிட வேண்டும். எலக்ட்ரிக் கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் காலம்காலமாகச் செய்வது இது, ஸ்டூமேக் மாதிரிக் கருவி விற்பவர்கள் இதற்கென்றே செய்த பிளேடு கூட விற்கிறார்கள். நம் பெட்டித் தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அதிகப்படியானதைப் பிளேடால் அகற்றவும்", முடிந்தது கதை.

தேய்ப்புத் துண்டுகள் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மைக்ரோ மெஷ் என்ற வகையைச் சேர்ந்தவை, 1500-இல் தொடங்கி 12000 வரை எண் போட்டு நிறம் நிறமாக இருக்கும். பொருள் என்னவோ அற்புதம், கடைசித் துண்டு வரை ஒழுங்காக வந்தால் காம்பவுண்டே தேவைப்படாத அளவுக்குப் பளபளப்பு வரும். ஆனால் அந்த எண்கள் சாதாரண உப்புத்தாளின் எண்கள் அல்ல, அது வேறு கணக்கு. மைக்ரோ மெஷ் 1500 என்பது சாதாரண உப்புத்தாள் 1500-ஐ விட மிகவும் கொரகொரப்பானது. வீட்டில் இருக்கும் 2000 உப்புத்தாளில் அழகாகத் தேய்த்து முடித்துவிட்டு, "அடுத்து இதில் 2400" என்று எடுத்தீர்கள் என்றால் பின்னோக்கிப் போகிறீர்கள், புதுக் கீறல் போடுகிறீர்கள். ஒன்று உப்புத்தாளிலேயே 1000, 1500, 2000 என்று போய்விட்டுக் காம்பவுண்டுக்குப் போங்கள், அல்லது மைக்ரோ மெஷ்ஷில் ஆரம்பித்து மைக்ரோ மெஷ்ஷிலேயே முடியுங்கள். கலக்க வேண்டாம்.

இன்னொரு குறை, அந்த ஸ்பாஞ்ச். வளைந்த இடங்களுக்கு, ஹார்ன் (உடம்பில் கொம்பு மாதிரி நீட்டியிருக்கும் பகுதி) ஓரங்களுக்கு அது வசதி. தட்டையான உடம்பில் ஸ்பாஞ்ச் மேட்டைச் சுற்றி வளைந்து உட்கார்ந்து, ஓரத்தில் பள்ளம் பறிக்கும். விரலால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் மோசம். தேய்த்தபின் கிட்டாரைச் சாய்த்து ட்யூப்லைட்டின் நேர்க்கோடு அதில் விழும்படி பாருங்கள், அந்தக் கோடு ஒட்டுப்போட்ட இடத்தில் நெளிந்தால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஆரம்பத் துண்டுகளை மட்டும் ஒரு கெட்டியான அழிரப்பர்மேல் வைத்துத் தேய்க்கிறேன், மட்டம் வந்தபின் மிச்சத்தை ஸ்பாஞ்சோடு. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து தொட்டுக்கொண்டால் தூள் அடைக்காது. ஆனால் ஸ்க்ரூ துளை, பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) குழி பக்கத்தில் தண்ணீர் வேண்டவே வேண்டாம், பூச்சில்லாத வெறும் மரத்தில் இறங்கினால் உப்பும், உப்பினால் துளையைச் சுற்றி ஃபினிஷ் வெடிக்கும். அங்கே லைட்டரில் ஊற்றும் நாஃப்தா கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம், அது பாலி, லேக்கர் இரண்டையும் ஒன்றும் செய்யாது, அழுக்கு எடுக்கவும் அதுதான் நல்லது. தீ பக்கத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஓரங்களில் ஜாக்கிரதை, ஃபினிஷ் எப்போதும் ஓரத்தில்தான் மெல்லிசாக இருக்கும், சொட்டையை மறைக்கப் போய் மரத்தைக் காட்டிவிடுவோம்.

காம்பவுண்ட் பரவாயில்லை ரகம். வேலை செய்கிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை, சிலிகோன் இருந்தால் பின்னால் அந்தக் கிட்டாருக்கு மறு பெயிண்ட் அடிக்கும்போது பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். எனவே நான் மெகுயர்ஸ் 105, அப்புறம் 205 என்று கார் பாலிஷுக்கே போய்விடுகிறேன். சின்ன இடத்துக்குக் கை போதும், ட்ரில்லில் பாலிஷ் சக்கரம் மாட்டிச் சுற்ற வேண்டாம், சூட்டில் பசையும் இளகும் ஃபினிஷும் இளகும். பின்பக்கத்தில் பெல்ட் பக்கிள் உரசி வருகிற மெல்லிய கீறல் கூட்டத்துக்கு இந்தப் பெட்டியில் பசை கூடத் தேவையில்லை, நகம் மாட்டாத கீறல் எல்லாம் மைக்ரோ மெஷ்ஷின் கடைசிச் சில துண்டுகளிலும் காம்பவுண்டிலுமே போய்விடும்.

இப்போது நிறம். பெட்டி தோற்றுப்போகும் இடம்.

கறுப்பு ஒன்றுதான் நம்பிக் கொடுக்கக்கூடிய பாட்டில். கறுப்பு கிட்டாரில் கறுப்பைத் தொட்டு, மேலே தெளிவான பசையை நிரப்பி, மட்டம் தட்டிப் பாலிஷ் போட்டால், எங்கே என்று கிட்டாரின் சொந்தக்காரரே தேடுவார். வெள்ளையும் புது கிட்டாரில் ஓரளவு பொருந்தும். வயதான வெள்ளையில் பொருந்தாது, ஏனென்றால் அது இப்போது வெள்ளையே இல்லை. ஃபெண்டரின் ஒலிம்பிக் ஒயிட், மேலே அடித்த தெளிவான லேக்கர் மஞ்சளானதால் வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். லேக் பிளாசிட் ப்ளூ அதே காரணத்தால் பச்சைப் பக்கம் சாயும். அந்தக் காலத்து ஃபெண்டர் ஸ்பெஷல் நிறங்கள் பெரும்பாலும் டூபான்ட் கார் பெயிண்ட் வரிசையில் இருந்து எடுத்தவைதான், ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்ட் தண்டர்பேர்டில் இருந்த சிவப்பு. ஆகவே பெயரை வைத்து அதே நிறத்தை வாங்கி வந்து வைத்தாலும் தனியாகத்தான் தெரியும், மஞ்சளைக் கொஞ்சம் கலந்துதான் ஆக வேண்டும். சிவப்புப் பாட்டில் எந்தச் சிவப்பு கிட்டாருக்கும் பொருந்தி நான் பார்க்கவில்லை.

இதைவிட நெயில் பாலிஷ் எவ்வளவோ மேல். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நெயில் பாலிஷின் அடிப்படையே நைட்ரோசெல்லுலோஸ்தான், கிட்டார் லேக்கருக்கும் அதற்கும் பங்காளி உறவு, நிறத்தில் இருக்கும் வகையோ கணக்கில் அடங்காது, மினுமினுப்புள்ளதும் உண்டு. ஒரு கடைக்குக் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போய் மூடிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பார்ப்பவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மெட்டாலிக்குக்கு மட்டும் அதுவும் பாதிதான் உதவும். அலுமினியப் பொடிகள் ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு மாதிரி படுக்கும், தூரிகையில் தொடும்போது வேறு மாதிரி நிற்கும், அதனால் நேராகப் பார்த்தால் பொருந்தி, சாய்த்துப் பார்த்தால் கறுத்த புள்ளியாகத் தெரியும்.

நிறம் வைப்பதில் இரண்டு விஷயம் வழிமுறைத் தாளில் இல்லை. ஒன்று, நிறம் குழியின் அடியில் மட்டும் இருக்க வேண்டும், மேல் மட்டத்துக்கு வரக் கூடாது. மட்டம் வரை நிறத்தை நிரப்பினால் தேய்க்கும்போது அதுவும் தேய்ந்து போகும், ஓரத்தில் மரம் எட்டிப் பார்க்கும். அடியில் மெல்லிசாக நிறம், அது நன்றாகக் காய்ந்தபின் மேலே தெளிவான பசை. இன்னொன்று, நிறம் வைப்பதற்கு முன் குழியில் ஒரு சொட்டு நாஃப்தா விட்டுப் பாருங்கள். அது ஆவியாவதற்குள் அந்த இடம் எப்படித் தெரிகிறதோ, பசை ஊற்றி முடித்தபின் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். மரம் தெரியும் ஃபினிஷில் இது ரொம்ப முக்கியம், காய்ந்த மரத்தைப் பார்த்து "வெளுத்திருக்கிறதே, கொஞ்சம் ஆம்பர் தொடலாம்" என்று தொட்டு வைத்தால், பசை மரத்தை ஈரம் பட்டது போல இருளடித்து, இரண்டும் சேர்ந்து அழுக்குக் கறையாக நிற்கும். பல சமயம் நிறமே தேவைப்படாது, பசை மட்டும் போதும். சன்பர்ஸ்டில் ஓரத்துக் கறுப்பில் அடிபட்டிருந்தால் அதிர்ஷ்டம், நடுவில் நிறம் மாறுகிற இடத்தில் பட்டிருந்தால் பெட்டியில் இருக்கும் ஆம்பரை நம்பாதீர்கள்.

சாட்டின், மேட் ஃபினிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: வாங்காதீர்கள். குழியை அடைக்கலாம், ஆனால் மட்டம் தட்டும்போது சுற்றியுள்ள இடம் பளபளவென்று ஆகிவிடும், சொட்டையைவிட அந்தப் பளபளப்பு வட்டம்தான் முதலில் கண்ணில் படும். மிக நைசான இரும்புக் கம்பளியால் மறுபடி மங்கலாக்கப் பார்ப்பார்கள். அதில் உதிரும் பொடி பிக்கப் காந்தத்தில் போய் அப்பிக்கொள்ளும், பிக்கப்பை டேப் போட்டு மூடாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் படங்களில் ஒன்று என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தியது. ஹெட்ஸ்டாக்கின் (கம்பி முறுக்கும் தலைப்பகுதி) பின்பக்கம், நட் (நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் பட்டை) இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு விரிசல், அதில் பசை விடுகிறார்கள். அழகுச் சேதம் வேறு, உடைந்த கிட்டார் வேறு. சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள கிப்சன் மாதிரி கிட்டார்களில் அந்த இடம் கீழே விழுந்தால் முறிகிற இடம் என்பது ஊரறிந்த விஷயம். அங்கே கோடு தெரிந்தால் முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள், அப்புறம் ஹெட்ஸ்டாக்கை மெல்ல முன்னுக்கு, கம்பி இழுக்கும் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கோடு வாயைத் திறந்தால் அது ஃபினிஷ் விரிசல் இல்லை, மரம் விட்டிருக்கிறது. அதில் மெல்லிய சூப்பர் க்ளூவை விட்டால் மர நாரெல்லாம் அதைக் குடித்துவிடும், பின்னால் முறையாக மரப்பசை போட்டுக் கிளாம்ப் பண்ணப் போகிறவருக்குப் பசை ஒட்ட இடமே இருக்காது. அந்த வேலையை அதற்கென்று இருப்பவரிடம் கொடுங்கள்.

இதற்கு மாற்றாக யு.வி. விளக்கில் இறுகும் ரெசின் பேனாக்களையும் சிலர் கேட்கிறார்கள். அதையும் உபயோகித்தேன். நெடி கம்மி, அவசரமே இல்லை, வைத்துத் திருத்தி நகர்த்தி, பிடித்த மாதிரி வந்ததும் விளக்கைக் காட்டினால் போதும். ஆழமான குழியைச் சீக்கிரம் நிரப்ப வசதி. ஆனால் பாலி ஓரத்தில் சூப்பர் க்ளூ பிடிக்கிற மாதிரி இது பிடிப்பதில்லை, அடியைச் சொரசொரப்பாக்காமல் விட்டால் மறுபடி ஒரு தட்டு தட்டினால் மொத்தமாகப் பல் விழுந்த மாதிரி கழன்று வரும். கறுப்பு கலந்து இறுக்கலாம் என்றால் வெளிச்சம் உள்ளே போகாது, மேல்தோல் இறுகும், கீழே பச்சையாகவே இருக்கும். அந்த வெள்ளை வளையத்துக்குள் ஓடுகிற வித்தையும் இதற்குத் தெரியாது. நான் பெட்டிப் பக்கம்தான்.

பழைய கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது அறுபதுகளின் கிட்டார் கையில் இருந்தால் இந்தப் பெட்டியோடு அதன் பக்கத்திலேயே போகாதீர்கள், பெயிண்ட் பெயர்ந்திருப்பதைவிடப் பெயிண்டைத் தொட்டிருப்பதுதான் அதன் விலையை விழுத்தாட்டும். ஐரிஷ் கிட்டாரிஸ்ட் ரோரி கல்லஹரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்திருப்பீர்கள், சன்பர்ஸ்ட் என்று சொன்னால்தான் தெரியும், முக்கால்வாசி வெறும் மரம். ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995-இல் 'ரெலிக்' என்று புது கிட்டாரை வேண்டுமென்றே அடித்துச் சுரண்டி விற்க ஆரம்பித்தது, கிப்சனும் 2021-இல் மர்ஃபி லேப் என்ற பெயரில் அதே வேலையைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் சொட்டை வைக்கக் கூடுதல் காசு, இன்னொரு பக்கம் சொட்டையை மறைக்க நாம் பெட்டி வாங்குகிறோம், என்னத்தைச் சொல்ல. கட்டை உடம்பு எலக்ட்ரிக்கில் ஒரு சொட்டையால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, பிக்கப் கேட்பது கம்பியின் அதிர்வை. பார்த்துக்கொண்டே இருந்தால் உறுத்துகிறதா, நாளைக்கு விற்கப் போகிறோமா, உடையும் ஓரம் சட்டையில் மாட்டுகிறதா, இதில் ஏதாவது இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

மொத்தமாக வாங்கினால் பெட்டியில் பாதியைத்தான் உபயோகிப்பீர்கள். இரண்டு பசை, பிளேடு, மைக்ரோ மெஷ், இந்த மூன்றையும் தனித்தனியாக வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள், நிறத்துக்கு நெயில் பாலிஷ். தனியாகக் கிடைக்காவிட்டால் பெட்டியே பரவாயில்லை, ஸ்ப்ரேயை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், குனிந்து பக்கத்தில் பார்க்கிற வேலை என்பதால் ஆவி நேராகக் கண்ணில்தான் ஏறும், கண்ணாடி போட்டுக்கொள்வது உத்தமம். வழிகிற பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள், பருத்தியில் இந்தப் பசை பட்டால் குபீரென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும், புகையே வரும். வழிந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்தபின் பிளேடால் எடுத்துக்கொள்ளலாம். மிச்சப் பசையைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால், எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் பாட்டிலுக்குள் ஈரம் இறங்கி அடுத்த சொட்டைக்கு முன் அதுவே கல்லாகிவிடும்.